அடுத்தவர் உலகில் உங்கள் நாவல்

1989 டிசம்பர் 6 அன்று பிபிசியில் ‘டாக்டர் ஹூ’வின் 26-வது சீசன் முடிந்தது. 1963-இல் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர் அது; நாயகர் பெயர் டாக்டர். 27-வது சீசன் வரவில்லை. 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தை விட்டுவிட்டால், 2005 வரை திரையில் டாக்டர் இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கதையை நகர்த்திச் சென்றவர்களில் முதன்மையானவர்கள் நாவலாசிரியர்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் நாவல்.

2005-இல் தொடர் திரும்பி வந்தபோது அந்த சீசனை எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் இந்த இடைக்கால நாவல் வரிசையில் எழுதியவர்கள்: ரஸல் டி. டேவிஸ், மார்க் கேட்டிஸ், பால் கார்னெல். தலைமை எழுத்தாளரான டேவிஸே 1996-இல் ‘டேமேஜ்டு குட்ஸ்’ என்ற டாக்டர் ஹூ நாவலை எழுதியவர்தான்.

தொலைக்காட்சித் தொடர்களைத் தொடரும் இந்த நாவல்களை டை-இன் நாவல்கள் என்பார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் இவற்றைச் சீண்டுவதில்லை. அவர்கள் செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. இது கறாரான தொழில், கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். ஆங்கிலத்தில் சரளமாக எழுதவும் வரும், ஏதாவது ஒரு அறிவியல் புனைவுத் தொடர்மேல் தீராத பிரியமும் உண்டு என்பவர்கள் இதைத் தாராளமாகக் குறிவைக்கலாம். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

வேலையின் வகைகள்

ஒளிபரப்பான கதையையே புத்தகமாக்குவது ஒரு வகை. ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயங்களைச் சிறுகதைகளாக மாற்றி பாண்டம் பதிப்பகத்துக்கு எழுதினார். பிரிட்டனில் டெரன்ஸ் டிக்ஸ் டார்கெட் பதிப்பகத்துக்காக 60-க்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ நாவலாக்கங்களை எழுதித் தள்ளினார். வீட்டில் வீடியோ இல்லாத காலம். ஒருமுறை ஒளிபரப்பாகிப் போன கதையை மறுபடி அடைய அந்தப் புத்தகங்களை விட்டால் வேறு வழி இல்லை. எளிய வாக்கியம், வேகமான காட்சி, 120 பக்கத்துக்குள் முழுக் கதை. டிக்ஸைப் படித்துத்தான் வாசிக்கவே பழகினோம் என்று சொல்லும் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் பலர்.

இரண்டாவது வகை, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு அத்தியாயங்களுக்கு இடையில் நடப்பதாக எழுதும் புதுக் கதை. இதில் கை கட்டப்பட்டிருக்கும். முக்கியப் பாத்திரம் சாகக் கூடாது, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, பதவி உயரக் கூடாது. கதை தொடங்கியபோது எல்லாரும் எங்கே இருந்தார்களோ, முடியும்போது அங்கேயே வந்து நிற்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் எழுத்தாளனுக்கு நிஜமான களம்: முடிந்துபோன தொடரை மேலே கொண்டுசெல்வது. ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ 1999-இல் நிறைவடைந்தது. தளபதி சிஸ்கோ போய்விட்டார். விண்வெளி நிலையம் துணைத் தளபதி கிராவின் பொறுப்பில். பல கேள்விகள் அந்தரத்தில். பாக்கெட் புக்ஸின் எடிட்டர் மார்கோ பால்மியேரி அந்த இடத்திலிருந்து கதையை எடுக்க முடிவுசெய்தார். 2001-இல் எஸ்.டி. பெர்ரியின் ‘அவதார்’ இரண்டு பாகங்களாக வந்தது. எலையாஸ் வான் போன்ற புதிய பாத்திரங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். ஒரு நாவலில் நடந்ததை அடுத்த நாவல் மறக்கவில்லை. தனித்தனிப் புத்தகங்களாக இருந்த வரிசை, எடிட்டர் ஒருவரின் மேற்பார்வையில் பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதும் ஒரே நெடுங்கதையாக மாறியது. இந்த வகையில் எழுத விரும்பினால், தனியாக உட்கார்ந்து எழுதும் பழக்கத்தோடு, மற்றவர் எழுதியதைப் படித்து அதற்கு ஒத்து எழுதும் பொறுமையும் வேண்டும்.

பதிப்புரிமைப் பக்கம்

ஏதாவது ஒரு ஸ்டார் ட்ரெக் நாவலை எடுத்து, முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும். பதிப்புரிமை என்ற இடத்தில் ஸ்டுடியோவின் பெயர் இருக்கும். இதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. கூலிக்கு எழுதித் தரும் படைப்பு. எழுதி முடித்ததும் உங்கள் வாக்கியங்கள், நீங்கள் கற்பனை செய்த கிரகம், அதில் வாழும் இனம், அவர்கள் பேசும் மொழி எல்லாமே உரிமையாளருடையவை. வாடகை வீடு மாதிரிதான்: வருடக்கணக்கில் குடியிருக்கலாம், சுவருக்கு நல்ல வண்ணம் அடிக்கலாம், காலி செய்யும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

வோண்டா மெக்கின்டயர் விஷயத்தைப் பாருங்கள். ஹியூகோ, நெபுலா விருதுகள் வாங்கிய பெரிய எழுத்தாளர். 1981-இல் அவர் எழுதிய ‘தி என்ட்ரபி எஃபெக்ட்’ என்ற ஸ்டார் ட்ரெக் நாவலில் சூலு என்ற பாத்திரத்துக்கு ஹிகாரு என்று முதற்பெயர் வைத்தார். தொலைக்காட்சியில் அதுவரை அவர் வெறும் சூலுதான். பத்து ஆண்டுகள் கழித்து, 1991-இல் வெளியான ஆறாவது திரைப்படத்தில் அந்தப் பெயர் திரையில் உச்சரிக்கப்பட்டது. இன்று அது மாற்ற முடியாத பெயர். பெயருக்கான உரிமை மட்டும் மெக்கின்டயருடையது அல்ல.

எல்லா ஒப்பந்தங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் ஹூ நாவல்களை 1991 முதல் வெளியிட்ட விர்ஜின் பதிப்பகத்தில், எழுத்தாளர் உருவாக்கிய பாத்திரம் எழுத்தாளரிடமே இருந்தது. 1992-இல் ‘லவ் அண்ட் வார்’ நாவலில் பால் கார்னெல் ஒரு புதுத் தோழியை டாக்டருக்குத் தந்தார்: பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட், 26-ஆம் நூற்றாண்டின் தொல்லியல் ஆய்வாளர். சில ஆண்டுகளில் பிபிசி நாவல் உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டாக்டரை இழந்த விர்ஜின் கடையை மூடவில்லை. பெர்னிஸை நாயகியாக்கி 1999 வரை நாவல் வரிசையைத் தொடர்ந்தது. 1998-இல் பிக் ஃபினிஷ் என்ற ஒலிநாடக நிறுவனம் தொடங்கியதும் பெர்னிஸ் கதைகளை வைத்துத்தான். டாக்டர் ஹூ உரிமம் அதற்கு அடுத்த ஆண்டுதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து ஒரு பாத்திரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் மூத்த முன்னுதாரணம் டெரி நேஷன். டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளை உருவாக்கிய திரைக்கதை எழுத்தாளர் அவர்; 1963-லேயே தன் படைப்பில் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார். 2004-இல் தொடரைப் புதுப்பிக்கும்போது, டாலெக்குகளைக் கொண்டுவர பிபிசி அவருடைய வாரிசுத் தரப்போடு பேசி உடன்பாட்டுக்கு வரவேண்டியிருந்தது. பேச்சு ஒரு கட்டத்தில் முறிந்து, பிறகுதான் சரியானது.

ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்ததும் தேட வேண்டியது, உங்கள் சொந்தப் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வரி. பெரும்பாலும் விடை சாதகமாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள், கேட்பதால் வாய்ப்பு போய்விடாது. விடை பாதகமாக இருந்தால், உங்கள் மனதில் பல வருடமாக வளர்ந்துவரும் அந்த ஒரு பாத்திரத்தை இந்த நாவலில் செலவழிக்காதீர்கள். அவரைச் சொந்த நாவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் வழி

ஒரு காலத்தில் கதவு திறந்திருந்தது. விர்ஜின் வரிசையின் எடிட்டர் பீட்டர் டார்வில்-எவன்ஸ், ஏஜென்ட் இல்லாத, இதற்கு முன் எதுவும் வெளியிடாத எழுத்தாளர்களின் பிரதிகளையும் வாங்கிப் படித்தார். கார்னெல் அப்படி வந்தவர். ரசிகர் இதழில் எழுதிய கதையை வளர்த்துத்தான் தன் முதல் நாவலான ‘டைம்வர்ம்: ரெவலேஷன்’ எழுதினார். ஆஸ்திரேலியாவில் இருந்த கேட் ஆர்மன் அப்படி வந்து 1993-இல் முதல் நாவலை வெளியிட்டார். லண்டனில் குடியிருக்க வேண்டிய அவசியம் அப்போதே இல்லை. மின்னஞ்சல் காலத்தில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எழுதுவதற்கு ஊர் ஒரு தடையே அல்ல.

அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் 1998-இல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ என்ற போட்டித் தொகுப்பைத் தொடங்கியது. தொழில்முறை எழுத்தாளர் ஆகாதவர்கள் மட்டுமே ஸ்டார் ட்ரெக் சிறுகதை அனுப்பலாம். டேட்டன் வார்டு முதல் மூன்று தொகுப்புகளிலும் தேர்வானார். மூன்றாவது கதையோடு ‘தொழில்முறை எழுத்தாளர்’ ஆகிவிட்டதால் போட்டியில் கலந்துகொள்ளும் தகுதி போயிற்று. அதற்குப் பதில் நாவல் எழுதும் அழைப்பு வந்தது. 2002-இல் முதல் ட்ரெக் நாவல். அதன்பின் அந்த வரிசையின் முன்னணி எழுத்தாளர்களில் ஒருவர். போட்டி 2007 வரை ஆண்டுதோறும் நடந்தது, 2016-இல் ஒருமுறை மீண்டும் வந்தது.

இன்று இந்த இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. பெரிய தொடர்களின் நாவல்கள் எடிட்டர் அழைத்துக் கொடுக்கும் வேலைகள். அழைப்பு இல்லாமல் அனுப்பும் பிரதியை உரிமையாளர் தரப்பு திறந்துகூடப் பார்க்காது. காரணம் திமிர் அல்ல, சட்டம். நாளை தொடரில் அதேபோல ஒரு கதை வந்தால், ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்று யாராவது வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம்.

இந்த உண்மையை ஏற்காமல் உழைப்பைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஸ்டீவன் பிரஸ்ட் பெயர் பெற்ற கனவுருப்புனைவு எழுத்தாளர். ‘ஃபயர்ஃபிளை’ தொடரின் ரசிகர். அந்த உலகில் ‘மை ஓன் கைண்ட் ஆஃப் ஃப்ரீடம்’ என்று ஒரு முழு நாவலே எழுதினார். அது உரிமம் பெற்ற புத்தகமாக வெளிவரவில்லை; 2008-இல் இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஃபயர்ஃபிளையின் அதிகாரப்பூர்வ நாவல் வரிசையை டைட்டன் புக்ஸ் 2018-இல் தொடங்கியபோது வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். பிரஸ்ட்டுக்கே இதுதான் நிலைமை என்றால், புதியவர் கேட்காமல் எழுதும் நாவலின் கதி என்ன?

அப்படியென்றால் என்ன செய்வது? எடிட்டர் உங்களிடம் பார்க்க விரும்புவது ஸ்டார் ட்ரெக் கதையை அல்ல. ஒரு கதையைச் சொன்ன தேதிக்குள் சொன்ன அளவில் முடித்துத் தருவீர்களா என்பதை. அதற்குச் சான்று வெளியான சொந்தப் படைப்புதான். ஆங்கில அறிவியல் புனைவு இதழ்களுக்குச் சிறுகதை அனுப்பத் தொடங்குங்கள். பெரும்பாலானவை இணையவழிப் பிரதிகளை உலகம் முழுவதிலுமிருந்து வாங்குகின்றன. சொந்த நாவல் ஒன்றை முடித்து ஏஜென்ட் தேடுங்கள். பக்கவாசல்களையும் கவனியுங்கள்: ‘ஸ்டார்கேட்’ நாவல்களை வெளியிட்ட ஃபேண்டமோனியம் போன்ற சிறு பதிப்பகங்கள், ஒலிநாடகங்கள், விளையாட்டு நிறுவனங்களின் கதைகள். பிக் ஃபினிஷ் 2016 முதல் மறைந்த தன் ஊழியர் பால் ஸ்ப்ராக் நினைவாகப் புதியவர்களுக்கான டாக்டர் ஹூ சிறுகதைப் போட்டியை நடத்தியிருக்கிறது. இத்தகைய அறிவிப்புகளுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

ரசிகர் புனைவு எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதுங்கள். விற்காதீர்கள். பாத்திரங்களின் குரலைப் பிடிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்: பிகார்ட்’ தொடரின் முதல் துணை நாவலான ‘தி லாஸ்ட் பெஸ்ட் ஹோப்’ எழுதிய ஊனா மெக்கார்மக் ரசிகர் புனைவிலிருந்து வந்தவர்தான், அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

ஒப்புதல்கள்

அழைப்பு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எடிட்டர் முதலில் கேட்பது பிட்ச்: ஒரு பத்தி, அதிகம் போனால் ஒரு பக்கம். அது பிடித்தால் விரிவான அவுட்லைன். தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாவற்றையும் அதில் சொல்லிவிட வேண்டும். ‘முடிவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ரகசியமெல்லாம் இங்கே செல்லாது. அவுட்லைன் உரிமையாளரின் மேசைக்குப் போகும், திருத்தங்களோடு திரும்பும். பிறகு நாவல். அதுவும் அதே மேசைக்குப் போகும். 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வார்த்தைகள் கொண்ட பிரதியைச் சில மாதங்களில் முடிக்கச் சொல்வது சாதாரணம். தொடர் ஒளிபரப்பில் இருந்தால், வெளிவராத திரைக்கதைகளைப் படிக்கத் தருவார்கள். வாய் திறக்கமாட்டேன் என்று எழுதியும் வாங்குவார்கள்.

அவுட்லைனில் இல்லாத பெரிய மாற்றத்தை நாவலில் நுழைக்காதீர்கள். எழுதும்போது கதை வேறு திசையில் போகிறது என்று தோன்றினால் அன்றே எடிட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்புதல் என்பது சடங்கு அல்ல என்பதற்கு 1985-இன் ‘கில்லிங் டைம்’ சாட்சி. டெல்லா வான் ஹைஸ் எழுதிய ஸ்டார் ட்ரெக் நாவல். உரிமையாளர் தரப்பு கேட்டிருந்த திருத்தங்கள் இல்லாத பிரதி அச்சாகி வெளிவந்துவிட்டது. பதிப்பகம் முதல் பதிப்பைத் திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பை வெளியிட்டது. அட்டையில் எழுத்துகள் புடைத்து அச்சான அந்த முதல் பதிப்பை ரசிகர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

எல்லா ஒப்புதலும் வாங்கி, எழுதி முடித்த பிறகும் புத்தகம் வராமல் போகலாம். 2009 திரைப்படத்தின் புதிய ஸ்டார் ட்ரெக் உலகை வைத்து நான்கு நாவல்கள் அறிவிக்கப்பட்டன. 2010 தொடக்கத்தில் நான்கும் நிறுத்தப்பட்டன. அவற்றில் ஆலன் டீன் ஃபாஸ்டர், டேவிட் மேக் எழுதிய இரண்டு மட்டும் 2020-இல், பத்து வருடம் கழித்து, கடைக்கு வந்தன. சொந்த நாவலின் பிரதியாக இருந்தால் வேறு பதிப்பகத்துக்கு எடுத்துச் செல்லலாம். இங்கே அந்தப் பிரதியை உலகில் ஒரே ஒருவர்தான் வெளியிட முடியும். எனவே புத்தகம் நின்றுபோனால் ஏற்கெனவே வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் தெளிவான பதில் இருக்கட்டும்.

குரல்

வாசகர் இந்தப் புத்தகத்தை வாங்குவது உங்களுக்காக அல்ல, டாக்டருக்காக, ஸ்பாக்குக்காக, கிராவுக்காக. முதல் பக்க உரையாடலிலேயே குரல் தப்பினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

பயிற்சி எளிது, ஆனால் நேரம் பிடிக்கும். ஓர் அத்தியாயத்தைப் படத்தை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பாத்திரமும் எதைச் சொல்கிறது என்பதைவிட எதை ஒருபோதும் சொல்வதில்லை என்று குறியுங்கள். ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் டேட்டா ஒரு ஆண்ட்ராய்டு. ‘ஐ ஆம்’ என்பதை மற்றவர்கள்போல ‘ஐம்’ என்று சுருக்கிப் பேசுவதில்லை. உங்கள் நாவலில் ஒரே ஓர் இடத்தில் அது நழுவினாலும் ரசிகர் பிடித்துவிடுவார். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் தையல்காரர் காராக் முன்னாள் உளவாளி. நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் தராதவர். அவராக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன், பாத்திரம் தனக்கு வசப்பட வேண்டும் என்று காராக்கின் பெயரில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ரசிகர் மாநாடுகளில் அதிலிருந்து வாசித்துக் காட்டினார். 2000-இல் அது ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’ என்ற நாவலாக வந்தது. காராக்கின் இளமை, பள்ளி, துரோகம் எல்லாம் அவர் குரலிலேயே. டை-இன் நாவல் எதைச் சாதிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் நீட்டும் புத்தகம் இது.

தகவல் பிழை இன்னொரு கண்ணி. ஸ்டார் ட்ரெக்குக்கு 2003 முதல் இயங்கும் ‘மெமரி ஆல்ஃபா’ கலைக்களஞ்சியம் இருக்கிறது. கப்பலின் தளங்கள் எத்தனை, எந்த அதிகாரி எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்பதெல்லாம் கிடைக்கும். இருந்தாலும் கதைக்கு முக்கியமான தகவலை அத்தியாயத்தையே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஆனால் குரலும் தகவலும் சரியாக இருந்துவிட்டால் நல்ல நாவல் ஆகிவிடாது. திரையில் செய்ய முடியாத ஒன்றை அது செய்ய வேண்டும். கார்னெல் 1995-இல் எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ இதற்கு உரைகல். டாக்டர் தன் நினைவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் உலகப் போருக்குச் சற்று முந்தைய ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஜான் ஸ்மித் என்ற சாதாரண ஆசிரியராக வாழ்கிறார். தான் யார் என்று அவருக்கே தெரியாது. ஜோன் என்ற பெண்ணைக் காதலிக்கிறார். ஆபத்து வரும்போது, எல்லாரையும் காப்பாற்ற ஜான் ஸ்மித் என்ற மனிதர் இல்லாமல் போக வேண்டும். 1980-களின் தொடர் தொடத் தயங்கியிருக்கும் கதை. மனிதனுக்குள் நடக்கும் போராட்டத்தை நாவலால் பக்கம் பக்கமாகச் சொல்ல முடிந்தது. 2007-இல் கார்னெலே அதைத் திரைக்கதையாக்கினார். டேவிட் டெனன்ட் நடித்த இரண்டு அத்தியாயங்கள், ஹியூகோ விருதுக்கும் முன்மொழியப்பட்டன. பிட்ச் எழுத உட்காரும்போது இதை அளவாக வையுங்கள்: டாக்டர் எந்த எதிரியை வெல்கிறார் என்று அல்ல, அவரிடமிருந்து எதைப் பறித்தால் அவர் யார் என்பது தெரியும் என்று யோசியுங்கள்.

திரை திரும்பி வந்தால்

உங்கள் நாவலில் நடந்தது எதுவும் தொடரைக் கட்டுப்படுத்தாது. ஸ்டார் ட்ரெக்கில் திரையில் வந்தது மட்டுமே அதிகாரப்பூர்வம். பதினைந்து, இருபது ஆண்டுகள் நாவல்கள் தனியே ஓடியபோது இந்த விதி யாரையும் உறுத்தவில்லை. டேவிட் மேக்கின் ‘டெஸ்டினி’ மூன்று நாவல்கள் 2008-இல் ‘போர்க்’ (Borg) என்ற எதிரிக் கூட்டத்தின் கதைக்கே முடிவு எழுதின. ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ கப்பலின் தளபதி பிகார்டுக்கும் மருத்துவர் பெவர்லி கிரஷருக்கும் நாவல்களில் திருமணம் ஆயிற்று, ஒரு மகனும் பிறந்தான். 2020 ஜனவரியில் ‘பிகார்ட்’ தொடர் திரைக்கு வந்தது. அதில் பிகார்ட் தனியாக ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருந்தார்; போர்க்கும் இருந்தது.

பதிப்பகம் நாவல் வரிசையைச் சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கலாம். எழுத்தாளர்கள் அதற்கு இசையவில்லை. டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் சேர்ந்து ‘கோடா’ என்ற மூன்று நாவல்களை எழுதினார்கள். 2021 செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் மாதம் ஒன்றாக வந்தன. நாவல்களின் காலவோட்டமே அழியும் ஆபத்து, மற்ற உலகங்கள் பிழைக்க அதன் மனிதர்கள் தங்கள் உலகத்தைத் தியாகம் செய்வது என்று கதை அமைத்தார்கள். இருபது ஆண்டு வாசகர்களுக்கு ஒரு முறையான விடைகொடுப்பு. சில வாசகர்கள் அந்தச் சோகத்தை ஏற்கவில்லை. எனக்கு அது தொழில் தர்மத்தின் உச்சமாகப் படுகிறது: தங்கள் உழைப்பு செல்லாது என்று மேலிடம் தீர்ப்புச் சொன்ன பிறகும், வாசகருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று உட்கார்ந்து எழுதினார்கள். இப்படியொரு நாள் உங்களுக்கும் வரலாம். அது தாங்காது என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பணம்

அட்வான்ஸ் தவணையாக வரும்: கையெழுத்தானதும் ஒரு பங்கு, பிரதி ஏற்கப்பட்டதும் மீதி என்ற மாதிரி. ராயல்டி உண்டு என்றாலும் சொந்த நாவலுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. உரிமையாளரின் பங்கு முதலில் போய்விடும். சில ஒப்பந்தங்களில் ராயல்டியே இருக்காது, மொத்தத் தொகை மட்டும். இதை நம்பி வேலையை விடாதீர்கள்.

வர வேண்டிய ராயல்டியும் தானாக வரும் என்று இருந்துவிட முடியாது. ஆலன் டீன் ஃபாஸ்டர் இந்தத் துறையின் பிதாமகர்களில் ஒருவர். 1970-களில் ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடரை நாவலாக்கியவர், முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் நாவலை ஜார்ஜ் லூகாஸ் பெயரில் எழுதிக்கொடுத்தவர், ‘ஏலியன்’ நாவலையும் எழுதியவர். அந்த உரிமைகள் டிஸ்னியின் கைக்குப் போன பிறகு ராயல்டி வரவில்லை என்று 2020 நவம்பரில் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் அவருக்காகக் குரல் கொடுத்தது. உரிமையை வாங்கியவர் கடனையும் சேர்த்தே வாங்குகிறார் என்பது சங்கத்தின் வாதம். தனி எழுத்தாளரின் கடிதத்துக்குக் கிடைக்காத கவனம் சங்கத்தின் கடிதத்துக்குக் கிடைத்தது. இந்தத் துறைக்கென்றே 2006-இல் மேக்ஸ் ஆலன் காலின்ஸ், லீ கோல்ட்பெர்க் இருவரும் தொடங்கிய டை-இன் எழுத்தாளர் சங்கம் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் ‘ஸ்க்ரைப்’ விருதுகள் தருகிறது. முதல் புத்தகம் வந்ததும் சங்கத்தில் சேருங்கள்.

இந்தியாவிலிருந்து எழுதுபவர்களுக்கு ஒரு வரிச் செய்தி. அமெரிக்கப் பதிப்பகம் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தை அனுப்பும். அதைச் சரியாக நிரப்பித் தராவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். இந்திய - அமெரிக்க வரி உடன்படிக்கைப்படி அது 15 சதவீதம்தான். பிடித்ததை இங்கே கணக்கில் காட்டலாம். முதல் காசோலைக்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்

கிர்ஸ்டன் பெயர் 2005 முதல் ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ நாவல்கள் எழுதியவர். தொடர் 2001-லேயே முடிந்திருந்தது. அதன் பாத்திரங்களை நாவல்களில் பல ஆண்டுகள் வளர்த்தார். 2017-இல் திரைக்கு வந்த ‘டிஸ்கவரி’ தொடருக்கு எழுத்தாளர் குழு சேர்த்தபோது, ட்ரெக் உலகம் கைவிரல் நுனியில் இருக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அவரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ‘பிகார்ட்’ தொடரை உருவாக்கியவர்கள் நால்வரில் அவரும் ஒருவர். பென் ஆரனோவிச் டாக்டர் ஹூ தொடருக்கும் நாவல் வரிசைக்கும் எழுதியவர். 2011-இல் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ என்ற சொந்த வரிசையைத் தொடங்கினார். இன்று வாசகர்கள் கடையில் தேடுவது அவருடைய பெயரை.

எல்லாருக்கும் இப்படி நடக்காது. நடந்தவர்களிடம் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவர்கள் அடுத்தவர் உலகில் எழுதியபோதும் அரைமனதோடு எழுதவில்லை. அதே சமயம் சொந்த எழுத்தை நிறுத்தவும் இல்லை.

எனவே இந்த மாதமே தொடங்க விரும்புபவர்களுக்கு: ‘ஹ்யூமன் நேச்சர்’, ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’, ‘அவதார்’ மூன்றையும் வாங்கிப் படியுங்கள், தொடர்புள்ள அத்தியாயங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கூடவே, யாருடைய உலகமும் அல்லாத, முழுக்க உங்களுடைய ஒரு சிறுகதையை முடித்து ஓர் இதழுக்கு அனுப்புங்கள். டை-இன் எடிட்டரை என்றாவது சந்திக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு எந்தத் தொடர் பிடிக்கும் என்பதாக இருக்காது. இதுவரை என்ன வெளியாகியிருக்கிறது என்றுதான் கேட்பார்.